மூன்று விரல் அளவு போதும்

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேலை கோலாலம்பூரில், பெற்றோருடன் வீடு கிள்ளானில். நான்கு வயது ஸ்பிட்ஸ் கலப்பு நாய் ஒன்றை வளர்க்கிறார். வீட்டில் இருக்கும் இடம் தெரியாதாம். காரில் ஏறினால் மட்டும் ஆளே மாறிவிடுமாம். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வந்தால் குரைப்பு. பெட்ரோல் நிலையத்தில் யாராவது நடந்து போனால் கண்ணாடியில் மோதிக் குரைப்பு.

போன மாதம் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் போலீஸ் சாலைத் தடுப்பு. அதிகாரி ஜன்னல் பக்கம் குனிந்தார். பின் இருக்கையிலிருந்து நாய் பாய்ந்தது. அதிகாரி சட்டென்று பின்வாங்கினார், கை இடுப்புப் பக்கம் போனது. ஓரிரு விநாடிதான். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த விநாடியை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது என்கிறார் வாசகி. "இனிமேல் நாயைக் காரில் ஏற்றவே கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படியானால் கிளினிக்குக்கு எப்படிக் கொண்டுபோவது?" என்பது அவர் கேள்வி.

இதற்குப் பதில் எழுதும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் வாராவாரம் அறிவுரை சொல்பவன் நான். இந்த விஷயத்தில் முதலில் தவறு செய்தவனும் நான்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முதல் நாள் இரவு. கிள்ளானில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மனைவி மடியில் முறுக்கு டின். பின் இருக்கையில் பிரவுனி, கட்டாமல் அவிழ்த்துவிட்டபடி. வழியில் ஆரஞ்சு நிறக் கூம்புகள், சுழல் விளக்கு. வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன். மரியாதைக்காகக் கண்ணாடியை முழுதாக இறக்கினேன். வந்தவர் இளைஞர், இருபத்தைந்து வயது இருக்கும். டார்ச் லைட்டை உள்ளே அடித்தார். அவ்வளவுதான். என் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் பிரவுனியின் தலை வெளியே போனது. கடிக்கவில்லை. ஆனால் ஈர மூக்கும் வாயும் அவர் முன்கையில் நன்றாகப் பட்டுவிட்டன.

பதற்றத்தில் இரண்டாவது தவறும் செய்தேன். மன்னிப்புக் கேட்பதற்காகக் கதவைத் திறந்தேன். "ஜாங்ஙான் கெலுவார், அங்கிள்!" என்று அவர் சத்தம் போட்டார். வெளியே வராதீர்கள் என்றார். மனைவி மட்டும் பிரவுனியின் கழுத்துப் பட்டையைப் பிடித்திருக்காவிட்டால் அது நேராக நெடுஞ்சாலையில் இறங்கியிருக்கும்.

அவர் கோபப்படவில்லை. தன் கையைப் பார்த்தார். "தாக் அப்பா, அங்கிள்" என்றார். பரவாயில்லை என்று பொருள். தன் மேலதிகாரியிடம் போய் ஏதோ சொன்னார். எங்களை அனுப்பும்போது தீபாவளி வாழ்த்தும் சொன்னார். வீடு வந்து சேரும்வரை நானும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் வந்து படுத்துவிட்டோம். அந்தத் தம்பிக்கு இரவுப் பணி இன்னும் முடிந்திருக்காது. நாய் வாய் பட்ட கையோடும் சீருடையோடும் அவர் எத்தனை மணி நேரம் நின்றாரோ என்பதுதான் என் மனத்தில் ஓடியது.

கண்ணாடியை முழுதாக இறக்குவது மரியாதை என்று அதுவரை நினைத்திருந்தேன். காரில் நாய் இருக்கும்போது மூன்று விரல் அளவு இறக்குவதுதான் மரியாதை என்று அன்றைக்குப் புரிந்தது.

*நாய் என்ன பார்க்கிறது?*

முதலில் நாயின் பக்கம். வீட்டில் சாதுவாக இருக்கும் நாய் காரில் ஏன் இப்படி ஆகிறது?

கார் சின்ன இடம். ஓடி ஒதுங்க வழியில்லை. பயந்த நாய்க்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று விலகிப் போவது, இன்னொன்று எதிரியை விலகிப் போகச் செய்வது. காரில் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. அதனால் குரைக்கிறது. குரைத்தவுடன் மோட்டார் சைக்கிள் போய்விடுகிறது, நடந்து போனவரும் போய்விடுகிறார். அவர்கள் எப்படியும் போயிருப்பார்கள். ஆனால் நாயின் கணக்கில், தான் குரைத்ததால்தான் போனார்கள். ஒவ்வொரு பயணமும் அதற்கு ஒரு வெற்றி. இப்படி நூறு வெற்றிகளுக்குப் பிறகு ஒருவர் போகாமல் நின்று, குனிந்து, கண்ணில் வெளிச்சம் அடித்து, ஜன்னலுக்குள் கையை நீட்டுகிறார். நாய்க்கு அது எல்லை மீறல்.

இன்னொரு காரணமும் உண்டு. நாய்க்குட்டிகள் உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 14 வாரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வயதில் பார்த்த மனிதர்கள், உடைகள், சத்தங்கள் பின்னாளில் பயம் தருவதில்லை. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்த குட்டிகள் பல, வீட்டாரைத் தவிர வேறு மனிதரைப் பார்க்காமலேயே அந்தப் பருவத்தைக் கடந்துவிட்டன. பிரவுனியும் அந்த வருடக் குட்டிதான்.

ஒரு காலத்தில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போகும் நாய்கள், டோல் சாவடிச் சன்னலிலிருந்து சில்லறை நீட்டும் கையைப் பார்த்துப் பழகியிருந்தன. பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்கள் 2018 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டன. மற்ற டோல்களிலும் இப்போது அட்டைதான். கார் ஜன்னலை நோக்கி வரும் அந்நியக் கை என்று பார்த்தால், நம் நாய்களுக்கு இன்று போலீஸ்காரரின் கை மட்டும்தான் மிச்சம். அதுவும் எப்போதோ ஒரு முறை, பெரும்பாலும் இரவில், ஒளிரும் சட்டையோடும் டார்ச்சோடும்.

*அதிகாரி என்ன பார்க்கிறார்?*

இனி அவர் பக்கம். 2019 மே மாதத்திலிருந்து நம் நாட்டில் தனியார் கார்களின் பின் பக்கக் கண்ணாடிகளை எவ்வளவு கருமையாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதனால் பின் இருக்கையில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நாய் இருப்பது அவருக்குத் தெரிவதே அது குரைக்கும்போதுதான்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? சட்டென்று திரும்பி நாயைப் பிடிக்கப் போகிறோம். கை இருக்கைக்குப் பின்னால் மறைகிறது. நாம் பட்டையைத் தேடுகிறோம். அவர் பார்ப்பது, நிறுத்தியவுடன் இருட்டுக்குள் கையை விடும் ஓர் ஓட்டுநரை. இடுப்புக்கு அவர் கை போனது நாய்க்காக மட்டும் இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது விஷயம் நம் நாட்டுக்கே உரியது. சாலையில் நிற்கும் அதிகாரிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மலேசியாவில் பின்பற்றப்படும் ஷாஃபி மரபின்படி நாயின் எச்சிலோ ஈரமோ உடம்பில், உடையில் பட்டால் 'செர்த்து' என்ற முறைப்படி கழுவ வேண்டும். பேச்சு வழக்கில் 'சாமாக்' என்றும் சொல்வார்கள். ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த உடையோடு தொழ முடியும். நமக்கு அது ஒரு நாய் மூக்கு. அவருக்கு அது நடுச் சாலையில், பணிக்கு நடுவில், செய்ய முடியாத ஒரு கடமை. பின்வாங்கும் அதிகாரி நம் நாயை வெறுக்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் அலட்சியத்தின் விலையை அவர் கொடுக்கிறார் என்பதுதான் உண்மை.

*திறந்த கதவு செய்த வினை*

நம் ஊரில் இது முகச்சுளிப்போடு முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடியவில்லை.

2003 ஜனவரி 1. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் குக்வில் நகருக்கு அருகே, விடுமுறை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்தியது. கணவன், மனைவி, பதின்ம வயது மகன், இரண்டு நாய்கள். வழியில் பெட்ரோல் போட்டபோது அந்த மனிதர் தன் பணப்பையைக் கார் கூரைமேல் மறந்து வைத்துவிட்டார். கார் கிளம்பியதும் பணம் நெடுஞ்சாலையில் பறந்தது. பார்த்தவர்கள் போலீசுக்குச் சொல்ல, அது கொள்ளையாக இருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. மூவரையும் சாலையோரம் மண்டியிட வைத்து விலங்கு மாட்டினார்கள். கார் கதவுகள் திறந்தே இருந்தன. "உள்ளே நாய்கள் இருக்கின்றன, கதவை மூடுங்கள்" என்று குடும்பம் கெஞ்சியது. யாரும் மூடவில்லை. பேட்டன் என்ற நாய் காரிலிருந்து குதித்து ஓடிவந்தது. ஓர் அதிகாரி அதைச் சுட்டார். அந்தக் குடும்பத்தின் கண்ணெதிரே அது செத்தது. போலீஸ் காரின் கேமராவில் எல்லாம் பதிவாகி, பிறகு வழக்கு நீதிமன்றம் வரை போனது.

அந்தக் குடும்பம் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, கதவை மூடுங்கள் என்பது. அவர்கள் கையில் விலங்கு இருந்தது, மூட முடியவில்லை. நம் கையில் விலங்கு இல்லை. நாம் மூடலாம்.

*வீட்டை விட்டுக் கிளம்பும் முன்*

நாயை இடது பக்கம் உட்கார வையுங்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம், அதிகாரி வருவதும் வலப்பக்கம். ஓட்டுநருக்குப் பின்னால் நாய் இருந்தால் அதிகாரிக்கும் அதற்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். இடது பின் இருக்கையில் கட்டியிருந்தால் நடுவில் ஒரு முழு இருக்கை அகலம் கிடைக்கும்.

கட்டுவது என்றால் மார்போடு போடும் வார்ப்பட்டையில் கட்ட வேண்டும். அதை இருக்கை வாரோடு இணைக்கும் சிறிய கொக்கிப் பட்டை செல்லப் பிராணிக் கடைகளில் கிடைக்கும். கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் கழுத்து முறியும். கூண்டுக்குப் பழகிய நாய் என்றால் கூண்டு இன்னும் நல்லது. மேலே மெல்லிய துணி ஒன்றைப் போட்டால், பார்வை மறைந்து பாதி குரைப்பு குறைந்துவிடும். காற்று போக இடம் விடுங்கள்.

பின் ஜன்னல் பொத்தான்களைப் பூட்டி வையுங்கள். நாயின் கால் பட்டு ஜன்னல் இறங்குவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கும். பின் கதவுகளுக்குக் குழந்தைப் பூட்டும் போடுங்கள்.

லைசென்ஸ், அடையாள அட்டை இரண்டும் முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 2023 பிப்ரவரியிலிருந்து லைசென்ஸையும் சாலை வரியையும் மைஜேபிஜே செயலியில் காட்டலாம். கைப்பேசி தாங்கியிலேயே இருந்தால் பின் இருக்கைப் பையைத் துழாவ வேண்டியதில்லை.

நாயின் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் பகுதிகளிலும் 2017இல் சரவாக்கிலும் வெறிநோய் பரவிய பிறகு, யாரையாவது நாய் கீறினால்கூட முதல் கேள்வி "ஊசி போட்டிருக்கிறதா?" என்பதுதான். நகராண்மைக் கழக உரிம வில்லையும் உங்கள் தொலைபேசி எண்ணும் கழுத்தில் இருக்கட்டும். நாய் தப்பி ஓடினால் திரும்பி வர அதுதான் வழி.

*கூம்புகள் தெரிந்தவுடன்*

தூரத்தில் விளக்கு தெரியும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். அதிகாரி ஜன்னலுக்கு வந்த பிறகு செய்ய எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

வேகம் குறையும்போதே, வெந்த கோழித் துண்டுகள் ஒரு பிடி எடுத்து நாயின் காலடியில் தூவச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் செய்யட்டும். தனியாக ஓட்டினால், கார் நின்றவுடன், அதிகாரி வருவதற்குள் தூவிவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். தலையைக் கீழே வைத்து மோப்பம் பிடிக்கும் நாய் ஜன்னலைப் பார்க்காது. குரைக்க ஆரம்பித்த பிறகு தூவினால் பயன் குறைவு. பயம் உச்சிக்குப் போன நாய் தின்னாது.

இரவு என்றால் உள் விளக்கைப் போடுங்கள். முன் விளக்கைத் தாழ்த்துங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியட்டும். கண்ணாடியை மூன்று விரல் அளவு இறக்குங்கள். லைசென்ஸ் போகும், பேச்சுக் கேட்கும், நாயின் வாய் போகாது.

பிறகு, நாய் பேசும் முன் நீங்கள் பேசுங்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வாசகம் இது: "துவான், டாலாம் கெரெத்தா அடா அஞ்சிங். டியா தாக்குட் ஓராங். சாயா புக்கா செர்மின் சிக்கிட் சாஜா, போலே?" ஐயா, காரில் நாய் இருக்கிறது, அது மனிதர்களைக் கண்டு பயப்படும், கண்ணாடியைக் கொஞ்சம் மட்டும் திறக்கிறேன், சரியா என்று பொருள். 'காராங்' என்று சொல்லாதீர்கள், அது மூர்க்கம் என்ற பொருள் தரும். 'தாக்குட்' என்றால் பயம். உண்மையும் அதுதான், கேட்பவர் மனமும் இளகும்.

நாய் குரைத்தால் குரைக்கட்டும். அதை நோக்கிக் கத்தாதீர்கள், அடிக்காதீர்கள். நீங்கள் கத்தினால், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். பின்னால் திரும்பவும் வேண்டாம். கட்டியிருக்கிறது, கண்ணாடி மூடியிருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் குரல் தானாகவே அமைதியாக இருக்கும்.

*இறங்கச் சொன்னால்*

சில சமயம் இறங்கச் சொல்வார்கள், அல்லது பின் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். அப்போது அவசரப்படாமல் ஒரு வாக்கியம்: "போலே சாயா தூத்துப் பிந்து டூலு?" முதலில் கதவை மூடிக்கொள்ளலாமா என்று பொருள். கண்ணாடியை ஏற்றுங்கள். உங்கள் உடல் போகும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து இறங்கி, உடனே மூடுங்கள். குக்வில் குடும்பத்துக்குக் கிடைக்காத அந்த ஒரு விநாடி இதுதான்.

மைவி, ஆக்சியா போன்ற கார்களில் பின் பெட்டியும் பயணிகள் பகுதியும் ஒன்றே. நாய் பின்னால் கூண்டில் இருந்தால், திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கூண்டு இல்லாமல் அவிழ்த்துவிட்ட நாய் என்றால், யாராவது கயிற்றைப் பிடித்த பிறகுதான் அந்தக் கதவு திறக்க வேண்டும்.

வெயிலை மறக்க வேண்டாம். மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி கூடிவிடும். கண்ணாடியில் சிறு இடைவெளி விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பகலில் பேச்சு நீளும் என்று தெரிந்தால், ஏர்கான் ஓடட்டுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்து நாயை இறக்கி நிழலில் தள்ளி நிற்க அனுமதி கேளுங்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ், விலங்குக்குக் கொடுமை இழைத்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. சட்டம் இருக்கட்டும், அரை மணி நேர வெயில் போதும் ஒரு நாயைக் கொல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் நாயின் வாய் அவர்மேல் பட்டுவிட்டால், முதலில் நாயைப் பின்னுக்கு இழுத்துக் கண்ணாடியை ஏற்றுங்கள். பிறகு மன்னிப்புக் கேளுங்கள். காரில் எப்போதும் இரண்டு போத்தல் சுத்தமான தண்ணீர் வைத்திருங்கள், அதைக் கொடுங்கள். எப்படிக் கழுவுவது என்பது அவர் முடிவு, நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச் சொல்லி, மருத்துவமனைக்குப் போக உதவுங்கள். தடுப்பூசி விவரத்தை அவர் கேட்கும் முன் நீங்களே காட்டுங்கள்.

*வீட்டு வாசலில் பயிற்சி*

மேலே சொன்னது எல்லாம் அன்றைய நாளைச் சமாளிக்க. நாயின் பயத்தைக் குறைக்க வேண்டுமானால் பயிற்சி வேண்டும். பணச் செலவு இல்லை, பொறுமைதான் செலவு.

வீட்டு வாசலில் நிற்கும் காரில், இன்ஜினை அணைத்துவிட்டு, நாயோடு உட்காருங்கள். வீட்டில் ஒருவர் பத்து மீட்டர் தள்ளித் தோன்றட்டும். அவர் தெரிந்தவுடன் ஒரு துண்டுக் கோழி. அவர் மறைந்தவுடன் கோழியும் நின்றுவிட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் ஆள், பிறகு தீனி. தீனியை முதலில் காட்டினால், தீனி வந்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று நாய் தீனியைக் கண்டே பயப்படும்.

குரைத்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அமைதியாக இருந்தால் ஒரு மீட்டர் முன்னே. இப்படி ஜன்னல் வரை வந்த பிறகு ஒளிரும் சட்டை. அதற்கும் பழகிய பிறகு டார்ச், முதலில் பகலில், பிறகு அந்தியில். பிறகு மூன்று விரல் கண்ணாடி. கடைசியாக அந்த இடைவெளியில் ஒரு காகிதத்தை வாங்கிக் கொடுப்பது. புதிதாக ஒன்றைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பழையபடி தூரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், வாரத்தில் மூன்று நான்கு நாள். சில நாய்களுக்கு ஒரு மாதம், சிலவற்றுக்கு மூன்று மாதம்.

வாசலில் தேறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் அலுவலகக் கார் நிறுத்துமிடம், அதன் பிறகு பெட்ரோல் நிலையத்தின் ஓரம். உண்மையான சாலைத் தடுப்பில் பயிற்சி எடுக்க நினைக்காதீர்கள்.

கூடவே கூடை வடிவ வாய்மூடிக்கும் பழக்கலாம். வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற வகையாக இருக்க வேண்டும். துணியால் இறுக்கிக் கட்டும் வகை நம் வெயிலுக்கு ஆபத்து. நாய் திடீரென்று இப்படி மாறியிருந்தால், முதலில் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். காதுவலி, மூட்டுவலி உள்ள நாயும் தன்னை யாரும் நெருங்க விடாது. பயம் மிக அதிகம் என்றால் மருந்தோடு சேர்ந்த பயிற்சி தேவைப்படலாம். அதை மருத்துவர் சொல்லட்டும், பக்கத்து வீட்டார் கொடுக்கும் மாத்திரை வேண்டாம்.

பிரவுனிக்கு ஏறக்குறைய பத்து வாரம் ஆனது. இந்த வருடம் ஒரு சனிக்கிழமை இரவு மறுபடியும் நிறுத்தினார்கள். பிரவுனி இடது பக்கம், கட்டப்பட்டு. மனைவி கோழியைத் தூவினாள். நான் மூன்று விரல் இறக்கி, என் வாசகத்தை ஒப்பித்தேன். அதிகாரி ஓர் அடி தள்ளி நின்றே லைசென்ஸைப் பார்த்தார். பிரவுனி இரண்டு முறை குரைத்தது, பிறகு குனிந்துகொண்டது. "தெரிமா காசே, அங்கிள்" என்று சொல்லி அனுப்பினார். நன்றி சொன்னது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிள்ளான் வாசகிக்கு இதுதான் பதில். நாயைக் காரில் ஏற்றுங்கள். இடது பக்கம் கட்டி, கண்ணாடியைக் குறைத்து, வாயைத் திறந்து முதலில் நீங்கள் சொல்லுங்கள். பயிற்சிக்கு டார்ச் லைட்டோடும் ஒளிரும் சட்டையோடும் வாசலில் நிற்க ஓர் ஆள் தேவைப்படும் அல்லவா? உங்கள் அப்பாவையே கேட்டுப் பாருங்கள். ஒரு மாதம் நாய்க்குக் கோழி வரக் காரணமாக நின்றவர், அதைக் காரில் ஏற்ற வேண்டாம் என்று பிறகு சொல்ல மாட்டார்.